வேலை கிடைத்த பிறகு பணம், கையெழுத்து மட்டும் இப்போதே: கோடிங் பயிற்சியில் சேரலாமா?

பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீட்டிலிருந்து 22 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கூடலூரில் பி.எஸ்சி. கணிதம் முடித்து, ஓர் இ-சேவை மையத்தில் மாதம் 9,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். அப்பாவுக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. அப்போது லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பணிக்கொடையாக வரும் பணத்தில் கொஞ்சம் இடம் வாங்கி ஒரு வீடு கட்டுவதுதான் குடும்பத்தின் கணக்கு.

இந்த நிலையில் பெங்களூருவில் உள்ள ஒரு கோடிங் பயிற்சி நிறுவனம் இவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆன்லைனில் 30 வாரம், வாரம் 6 நாள், காலை 9 முதல் இரவு 9 வரை வகுப்பு. இப்போது ஒரு பைசா கொடுக்க வேண்டாமாம். வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் 17 சதவீதத்தை 36 மாதம் கொடுத்தால் போதுமாம். முன்பணமாகக் கட்டுவதென்றால் கட்டணம் 1,20,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அப்பா கோ-அப்ளிகன்டாகக் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்குள் சீட்டை உறுதி செய்ய வேண்டும் என்று தினமும் போன் வருகிறது. "வேலை கிடைக்காவிட்டால் எதுவும் தர வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் நமக்கு என்ன நஷ்டம்? ஆனால் அப்பா பயப்படுகிறார். சேரலாமா?" என்று கேட்டு, ஒப்பந்தத்தின் 14 பக்கங்களையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதே நேரம், நீங்கள் ஆசைப்படுவதிலும் தவறில்லை. இப்போது இருக்கும் வடிவில் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவின் கையெழுத்தை எந்த வடிவிலும் கொடுக்காதீர்கள். பயிற்சி உங்களுக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இது கடன் இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள்

முதல் பத்துப் பக்கம் 'வருமானப் பகிர்வு' பற்றித்தான் பேசுகிறது. 11-ஆம் பக்கத்தில் 'கட்டண நிதியுதவி' என்றொரு இணைப்பு தொடங்குகிறது, பாருங்கள். அதன்படி, நிறுவனம் தன்னுடன் கூட்டு வைத்திருக்கும் வங்கி அல்லாத நிதி நிறுவனம் ஒன்றிடம் உங்கள் பெயரில் 1,41,600 ரூபாய் கடன் வாங்க நீங்கள் சம்மதம் தருகிறீர்கள். அதாவது 1,20,000 கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும். உங்களுக்கு வேலை கிடைக்கும்வரை மாதத் தவணையைப் பயிற்சி நிறுவனம் கட்டுமாம். வேலை கிடைக்காவிட்டால் கடனையும் அதுவே அடைக்குமாம்.

இங்கே இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன. 'தவணையை நாங்கள் கட்டுகிறோம்' என்பது பயிற்சி நிறுவனம் உங்களுக்குத் தரும் வாக்கு. 'கடனைத் திருப்பித் தருவேன்' என்பது நீங்களும் அப்பாவும் நிதி நிறுவனத்துக்குத் தரும் வாக்கு. முதல் வாக்கு பொய்த்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும். பயிற்சி நிறுவனம் நாளைக்கே மூடிவிட்டால், பாதியில் நின்ற படிப்புக்கும் நிதி நிறுவனம் உங்களிடம்தான் வந்து கேட்கும். கடன் கொடுத்த நாளிலிருந்தே அது உங்கள் இருவரின் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் ஏறிவிடும். அவர்கள் ஒரு தவணையைத் தாமதமாகக் கட்டினாலும் புள்ளி குறைவது உங்களுக்குத்தான். அடுத்த ஆண்டு வீடு கட்ட அப்பா வங்கிக்குப் போனால், முதலில் பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.

இதே மாதிரிப் பிரச்சினையை அமெரிக்கா முன்பே பார்த்துவிட்டது. 2017-இல் தொடங்கிய லாம்டா ஸ்கூல், பிறகு புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. வருமானத்தில் 17 சதவீதம், 24 மாதம், உச்சவரம்பு 30,000 டாலர் என்ற கணக்கில் மாணவர்களைச் சேர்த்தது. 'இது கடனே இல்லை' என்றுதான் அங்கேயும் சொன்னார்கள். 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தார்கள். நிறுவனத்தின் உள்கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியும், சில சமயம் 30 வரையும் இருந்தது. அது கடன்தான் என்று சொன்ன அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம், 2024 ஏப்ரலில் அந்த நிறுவனம் இனி நுகர்வோருக்குக் கடன் தரக் கூடாது என்று நிரந்தரத் தடை விதித்தது.

17 சதவீதம் எதில்?

ஒப்பந்தத்தில் இருப்பது 'ஆண்டு சி.டி.சி.யில் 17 சதவீதம்'. சி.டி.சி. என்பது உங்களுக்காக வேலை கொடுப்பவர் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. நீங்கள் கைக்கு வரும் சம்பளத்தில் என்று படித்துவிட்டீர்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்களுக்கு பெங்களூருவில் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் சி.டி.சி.யில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 35,000 என்று தோன்றும். ஆனால் அதற்குள்ளே ஆண்டு இறுதியில் கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை 42,000, நிறுவனத்தின் பங்கு பி.எஃப். 21,600, பணிக்கொடைக்கு ஒதுக்கும் தொகை சுமார் 8,700, மருத்துவக் காப்பீடு 6,000 எல்லாம் அடங்கியிருக்கலாம். இவை போக மாதம் 28,500-ஐ ஒட்டி வரும். அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 1,800, தொழில்வரி 200 போனால் கையில் 26,500.

நிறுவனம் கேட்பதோ 35,000-இல் 17 சதவீதம், அதாவது 5,950. அதற்குமேல் ஜி.எஸ்.டி. தனி என்று 6-ஆம் பக்கத்தின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கிறது. மொத்தம் 7,021 ரூபாய். கைக்கு வரும் சம்பளத்தில் இது 26 சதவீதத்துக்கு மேல். சாப்பாட்டோடு பி.ஜி.க்கு 9,000, பஸ், போன் எல்லாம் போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

36 மாதத்தில் நீங்கள் கட்டுவது சுமார் 2,52,750 ரூபாய். இன்றைய ரொக்க விலை 1,41,600. சேர்ந்த நாளிலிருந்து 10 மாதம் கழித்துச் சம்பளம் தொடங்கியது என்று வைத்தால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 25 சதவீத வட்டிக்குச் சமம். சம்பளம் உயர்ந்தால் தவணையும் உயரும், உச்சவரம்பான 3,60,000 வரை போகலாம். இதை முழுக்கக் கொள்ளை என்று நான் சொல்லமாட்டேன். வேலை கிடைக்காத மாணவரின் நஷ்டத்தை வேலை கிடைத்தவர் சுமப்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை. அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. ஆனால் உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பாதுகாப்பு 11-ஆம் பக்கத்தோடு ஓட்டையாகிவிடுகிறது. விலை மட்டும் முழுசாக நிற்கிறது.

நீங்கள் கணக்கிலேயே சேர்க்காத செலவு ஒன்றும் உண்டு. காலை 9 முதல் இரவு 9 வரை வகுப்பென்றால் இ-சேவை மைய வேலையை விட வேண்டும். பயிற்சி 7 மாதம், வேலை தேட 3 மாதம் என்றால் 90,000 ரூபாய் வருமானம் போகிறது. அப்பா ஓய்வுபெறும் ஆண்டில் அது சின்னத் தொகை இல்லை.

வேலை கிடைக்காவிட்டால் ஒன்றும் தர வேண்டாமா?

'வேலை' என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் தரும் விளக்கத்தைப் படியுங்கள். 'ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்கு மேல் வருமானம் தரும் எந்தப் பணியும்' என்று இருக்கிறது. சாஃப்ட்வேர் வேலை என்று இல்லை, அவர்கள் வாங்கிக் கொடுத்த வேலை என்றும் இல்லை. நீங்கள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500. பஞ்சப்படி சேர்ந்தாலே ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டும். பயிற்சி முடித்து 60 மாதத்துக்குள் நீங்களாகவே படித்து அந்த வேலைக்குப் போனாலும் 17 சதவீதம் இவர்களுக்குத்தான். இந்த ஒரு வரியை மாற்றாமல் கையெழுத்துப் போடுவது பெரிய தவறாகிவிடும்.

அடுத்தது பாதியில் விலகுவது. முதல் 14 நாளுக்குள் விலகினால் ஒன்றுமில்லை. 15-ஆம் நாள் விலகினால் முழுக் கட்டணமும் உடனே கட்ட வேண்டும். வருகை 85 சதவீதத்துக்குக் கீழே போனாலும் விலகியதாகவே எடுத்துக்கொள்வார்கள். 30 வாரத்துக்கு 180 வகுப்பு நாள். 27 நாள்தான் உங்களுக்கு இருக்கும் இடைவெளி. பேட்ச் ஜூனில் தொடங்குகிறது. பந்தலூர், தேவாலா மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் எத்தனை நாள் கரன்ட் இருக்காது என்பது பெங்களூருவில் வருகை எடுப்பவருக்குத் தெரியாது. 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று சுமார் 1,500 ரூபாய்க்கு வாங்கினால் ரவுட்டரை மூன்று நான்கு மணி நேரம் ஓட்டலாம். ஆனால் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் அதுவும் பயனில்லை. மின்தடை, நெட்வொர்க் தடை நாட்களுக்குப் பதிவு செய்த வகுப்பைப் பார்த்தால் வருகை உண்டு என்று எழுதி வாங்காமல் மலையிலிருந்து இதில் சேரக் கூடாது.

இரண்டு வேலை வாய்ப்பை மறுத்தால் முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. எந்த ஊர், எந்தப் பணி, இரவு ஷிஃப்டா என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை.

அவர்கள் சொல்லும் '85 சதவீதம் பிளேஸ்மென்ட்' என்பதற்கும் வருகிறேன். 100 பேர் சேர்ந்து, 60 பேர் வழியில் விலகியோ விலக்கப்பட்டோ போய், மீதி 40 பேரைத் 'தகுதி பெற்றவர்கள்' என்று வைத்து, அதில் 34 பேருக்கு வேலை கிடைத்தாலும் 85 சதவீதம்தான். சேர்ந்தவர்களில் பார்த்தால் 34. அதனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். கடைசி மூன்று பேட்சில் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, முடித்த ஆறு மாதத்துக்குள் சாஃப்ட்வேர் வேலைக்குப் போனவர் எத்தனை என்று மூன்று எண்களைக் கேளுங்கள். லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடி, உங்களைப் போலப் பொறியியல் படிக்காத ஐந்து பேருக்கு எழுதுங்கள். சி.டி.சி.யை விடுங்கள், முதல் மாதம் வங்கியில் விழுந்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். 2021-இல் நிறுவனங்கள் ஆள் கிடைக்காமல் அலைந்தபோது பேட்ச் முடித்தவர்களின் கதை இப்போதைக்கு உதவாது. கடந்த ஓராண்டில் முடித்தவர்களிடம் மட்டும் பேசுங்கள்.

அப்பாவின் கையெழுத்தும் நிலம், பணிக்கொடை பற்றிய பயமும்

கோ-அப்ளிகன்ட் என்றால் சாட்சி இல்லை, அவரும் கடன்காரர். வெறும் ஜாமீன்தாரராகப் போட்டாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி அவர் பொறுப்பு உங்கள் பொறுப்புக்குச் சமம். முதலில் மகளிடம் கேளுங்கள் என்று அவர் சொல்ல முடியாது.

ஆனால் அப்பா பயப்படுவதுபோல, நாளை வாங்கப்போகும் இடத்தை யாரும் நேராக வந்து எழுதி வாங்கிவிட முடியாது. இது அடமானமில்லாத கடன். நீதிமன்றத்திலோ நடுவர் முன்போ வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிய பிறகுதான் சொத்துப் பக்கம் வர முடியும். பணிக்கொடையும், அது தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கும்வரை, நீதிமன்ற ஆணையாலும் ஜப்தி செய்ய முடியாதது. சிக்கல் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பிறகுதான். 13-ஆம் பக்கத்தில் அப்பாவின் கணக்குக்கும் ஈ-மேண்டேட் கேட்கிறார்கள். அதைக் கொடுத்துவிட்டால், எந்தக் கோர்ட்டும் இல்லாமல் தவணைத் தேதியில் பணம் தானாகவே போய்விடும். கணக்கில் பணம் இல்லாமல் மேண்டேட் திரும்பி, நோட்டீஸ் வந்தும் 15 நாளுக்குள் கட்டாவிட்டால், செக் பவுன்ஸ் போலவே குற்ற வழக்குப் போடலாம். 2007-ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு அது. இரண்டு ஆண்டு வரை சிறை, இருமடங்கு வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. ஓய்வுபெறும் வயதில் அப்பாவை இதில் நிறுத்தாதீர்கள்.

வெற்றுக் காசோலை, அசல் சான்றிதழ், வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு ஆகிய மூன்றையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சம்பளத்தைச் சரிபார்க்க மாதச் சம்பளச் சீட்டு போதும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே வரும் ஆதார் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஆறு எண்தான் பல நேரம் கடன் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தாக மாறுகிறது.

ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டால்

ஓ.டி.பி. ஒன்றைச் சொல்லிவிட்டதாக உங்கள் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருப்பதால் இதையும் எழுதுகிறேன். சிபில் தளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக முழு அறிக்கை பார்க்கலாம். உங்கள் பெயரில் புதுக் கடன் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், டிஜிட்டல் கடனில் அபராதமில்லாமல் விலக நிதி நிறுவனம் ஓர் அவகாசம் தந்தாக வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி அது குறைந்தது ஒரு நாள். எத்தனை நாள் என்பது கடனோடு தர வேண்டிய முக்கிய விவரத் தாளில் இருக்கும். அந்தத் தாளே தரவில்லை என்றால் அதுவே ஒரு புகார். நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே போகலாம். உதவிக்கு 14448.

'தகராறு எல்லாம் பெங்களூருவில், நடுவர் முன்புதான்' என்ற ஷரத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இணையத்தில் அனுப்பினால் போதும். ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். '15-ஆம் நாள் விலகினால் முழுத்தொகை' போன்ற தண்டனை ஷரத்துகளை நீதிமன்றம் அப்படியே ஏற்காது. ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டும். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு என்றாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. கூடலூர் நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம்.

சரி, பயிற்சி உங்களுக்குத் தேவையா?

இப்படிப்பட்ட பயிற்சியில் பாடம் புதிதாக இருக்காது. எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட், எஸ்.க்யூ.எல். எல்லாம் ஃப்ரீகோட்கேம்ப், என்.பி.டி.இ.எல். ஆகிய இணையத் தளங்களில் இலவசமாகவே இருக்கின்றன. நிறுவனம் தருவது நேரக்கட்டுப்பாடு, கூடப் படிப்பவர்கள், தவறைத் திருத்த ஓர் ஆள், மாதிரி நேர்காணல், நிறுவனங்களின் அறிமுகம். அவை மதிப்புள்ளவைதான், முக்கியமாக உங்களைப் போலச் சுற்றிலும் அந்தத் துறையில் யாருமே இல்லாதவர்களுக்கு. ஆனால் அந்த மதிப்பு உங்களுக்குக் கிடைக்குமா என்பதை, வேலையை விடாமலே எட்டு வாரத்தில் சோதித்துப் பார்க்கலாம். விடிகாலை இரண்டு மணி நேரம். முதல் நான்கு வாரம் ஜாவாஸ்கிரிப்ட் அடிப்படை. அடுத்த இரண்டு வாரம் எஸ்.க்யூ.எல்., எழுதிய நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git). கடைசி இரண்டு வாரத்தில், உங்கள் இ-சேவை மையத்துக்கு வருவோரின் விண்ணப்ப எண், தேதி, நிலை ஆகியவற்றைப் பதிந்து தேடும் ஒரு சின்னப் பக்கத்தை நீங்களே உருவாக்குங்கள். பிழை வரும்போது எரிச்சல்பட்டு மூடிவிடுகிறீர்களா, ராத்திரி தூக்கத்திலும் அதையே யோசிக்கிறீர்களா என்று தெரிந்துவிடும். இரண்டாவது என்றால், அடுத்த பேட்சுக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம்.

வேறு வழிகளும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் மையத்துக்குப் போக வேண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். மெதுவான வழி, ஆனால் கையில் பட்டம் இருக்கும். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் இலவசப் பயிற்சிகளில் உங்களுக்குப் பொருந்துவது உண்டா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

நாளை போன் வந்தால், 'மின்னஞ்சலில் கேட்கிறேன், பதிலும் மின்னஞ்சலிலேயே வேண்டும்' என்று மட்டும் சொல்லிவிட்டு இந்தத் திருத்தங்களை எழுதி அனுப்புங்கள்: 11 முதல் 14 வரையிலான கடன் இணைப்பை முழுக்க நீக்க வேண்டும். அப்பாவின் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. 'வேலை' என்பது அவர்கள் மூலம் கிடைத்த சாஃப்ட்வேர் பணி மட்டும். 17 சதவீதம் என்பது கைக்கு வரும் சம்பளத்தில், ஜி.எஸ்.டி. உட்பட. உச்சவரம்பு 2,00,000 ரூபாய். விலகினால் படித்த வாரங்களுக்கு மட்டும் கட்டணம். மழைக்கால மின்தடைக்கு வருகையில் விலக்கு. எல்லாவற்றையும் ஏற்கமாட்டார்கள். முதல் மூன்றை மறுத்தால் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீட் போய்விடும் என்று மிரட்டினாலும் அடுத்த பேட்ச் வரத்தான் செய்யும். ஏற்றுக்கொண்டால், திருத்திய பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துக்கு முன் ஒருமுறை படித்துச் சொல்கிறேன்.